ஓரியின் மலைக்கு விருந்தினராக

காளப்பநாயக்கன்பட்டியில் சூரியோதயம் சற்றுத் தாமதித்தே நிகழ்கிறது. கிழக்கு வெளுத்து, வானம் செம்மை பூண்டு, காக்கைகள் கரைந்து, டீக்கடைகளில் பாய்லர் கொதிக்கத் தொடங்கிய பிறகும், ஊருக்குக் கிழக்கே நெடுமதில்போல் எழுந்து நிற்கும் கொல்லிமலையின் விளிம்பைத் தாண்டிக் கதிரவன் முகம் காட்டுவதற்கு மேலும் சிறிது நேரம் பிடிக்கிறது. அதுவரையில் தென்னந்தோப்புகளும், மரவள்ளித் தோட்டங்களும், பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் ஜனங்களும் மலையின் குளிர்ந்த நிழலுக்குள்ளேயே இருக்கிறார்கள். நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாக மலையடிவாரமான காரவள்ளிக்குப் போகும் சாலையில் அமைந்த பேரூர் இது. மலையைக் காண விரையும் பிரயாணிகளில் பெரும்பாலோருக்கு இதுவொரு பெயர்ப்பலகை. கார்க் கண்ணாடி வழியாக ஒரு கணம் தெரிந்து மறைவது.

நான் இந்த ஊரில் இறங்கி நிற்பதையே வழக்கமாகக் கொண்டிருக்கிறேன். ஒரு மலையின் உருவத்தை அதன்மேல் நின்று காண இயலாது. எட்ட நின்று அண்ணாந்து பார்த்தால்தான் அது எவ்வளவு பெரியது, எங்கே பிளந்திருக்கிறது, எந்த மடிப்பில் மேகம் தங்குகிறது என்பதெல்லாம் புலப்படும். கொல்லிமலையின் உச்சி கூம்பாக முடிவதில்லை. கரிய பாறைச் சரிவுகள் செங்குத்தாக ஏறிச் சென்று, மேலே ஒரு பலகை வைத்தாற்போல் தட்டையாக நின்றுவிடுகின்றன. 'சதுரகிரி' என்று முன்னோர் இதற்கு வழங்கிய பெயரின் பொருத்தத்தை, நூறு புத்தகங்களைப் படித்து அறிவதைக் காட்டிலும், காளப்பநாயக்கன்பட்டிக் கடைவீதியில் ஐந்து நிமிஷம் நின்றால் நன்றாக அறிந்துகொள்ளலாம். அப்படி ஒரு காலையில் நின்றிருந்த என்னைப் பார்த்து, இட்லிக் கடைக்காரர், "மலைக்குங்களா சாமி? மேல போயிச் சோறு ஆகறதுக்கு நேரமாகும், இங்கயே ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டுப் போயிருங்க" என்றார். வியாபாரத்துக்காகச் சொன்னது என்று கொள்ள எனக்கு மனம் வரவில்லை. மலைக்குப் புறப்படும் வழிப்போக்கன் பசித்த வயிற்றோடு போகக்கூடாது என்பது அந்தப் பிரதேசத்தில் மிகப் பழைய ஓர் எண்ணம்.

எவ்வளவு பழையது என்பதற்குப் புறநானூற்றில் சாட்சியம் இருக்கிறது. கொல்லிமலைக்கு வந்து போன யாத்திரிகர்களில் தம் அனுபவத்தைப் பாட்டாகப் பதிந்துவைத்தவர் என்று முதலில் சொல்லத்தக்கவர் வன்பரணர் என்னும் புலவர். இசைவாணர் சுற்றத்தோடு காட்டு வழியில் வந்த அவர், அங்கே ஒரு வேட்டுவனைக் காண்கிறார். அவன் விடுத்த ஒரே அம்பு, யானையை வீழ்த்தி, அகன்ற வாயுடைய புலியைக் கொன்று, புள்ளிமானை உருட்டி, காட்டுப்பன்றியைச் சாய்த்து, கடைசியில் பக்கத்துப் புற்றிலிருந்த உடும்பின் உடலில் போய்ச் செருகி நிற்கிறது. கொன்றதை விற்று வயிறு வளர்க்கும் வேடனாக இவன் தோன்றவில்லையே, மார்பில் முத்தாரம் பூண்ட செல்வனாக அல்லவா இருக்கிறான், ஒருவேளை இந்த மலைக்குத் தலைவனான ஓரியோ, அல்லனோ என்று ஐயுற்ற புலவர், விறலியரைப் பாடச் சொல்லி, யாழும் முழவும் முழங்க அவன் புகழைக் கேட்பிக்கிறார். கேட்டவன் நாணித் தலை கவிழ்கிறான். பிறகு, அவர்கள் வாய் திறந்து இரப்பதற்கு இடம் வைக்காமல், தான் வேட்டையாடிய மானின் ஊனைச் சமைத்துத் தந்து, உருக்கிய நெய் போன்ற தேறலை வார்த்து, தன் மலையிலே விளைந்த பொன்னையும் மணியையும் குவித்துக் கொடுக்கிறான். காட்டில் கண்டதையே தருகிறேன், கொள்க என்ற பாவனையில் அவன் கொடுத்தானாம்.

வள்ளல்கள் எழுவருள் ஒருவனாக எண்ணப்பட்ட வல்வில் ஓரியைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் நாம் படித்தபோது, அந்த ஒற்றை அம்பின் அற்புதத்தையே ஆசிரியர்கள் அழுத்திச் சொன்னார்கள். வயது ஏற ஏற, என் மனம் அம்பைவிட்டு அந்த விருந்தில் போய் நிற்கிறது. வந்தவர் யார், எந்த ஊர், என்ன ஜாதி என்று அவன் கேட்டதாகப் பாட்டில் இல்லை. தன் பெயரை அவன் சொல்லிக்கொண்டதாகவும் இல்லை. அடுத்த பாட்டில் அதே புலவர், ஓரியிடம் சென்ற பாணர்கள் வயிறாரப் பெற்றதனால் பசியையே மறந்து, பசியோடு சேர்ந்து தங்கள் ஆடலையும் பாடலையுங்கூட மறந்துபோனார்கள் என்கிறார். இலக்கியத்தில் இந்த மலைக்குக் கிடைத்த கீர்த்தியில் ஒரு பாதி வில்லுக்கு உரியது. மற்றொரு பாதி சோற்றுக்கு உரியது. இன்று அங்கே போகிற நாம் எதைப் பார்க்க வேண்டும், எதைச் சாப்பிட வேண்டும் என்று யோசிக்கும்போது, விருந்தினராகப் போகிறோம் என்ற நினைவோடு யோசித்தால் பல விஷயங்கள் தாமே தெளிவாகிவிடுகின்றன.

ஓரியின் முடிவு துயரமானது. திருக்கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரி, சேரனுக்குத் துணையாக வந்து ஓரியைப் போரிலே கொன்று, கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான். காரியும் வள்ளல், ஓரியும் வள்ளல். இருவரும் ஒரே வரிசையில் எண்ணப்பட்டவர்கள். ஒருவன் குதிரைக்குக் காரி என்றும் மற்றவன் குதிரைக்கு ஓரி என்றும் பெயர் வழங்கிற்று. அதற்குப் பிறகு கொல்லி சேரர் மலையாகவே பிரசித்தி பெற்றது. பல நூற்றாண்டுகள் கழிந்து வந்த குலசேகர ஆழ்வார்கூடத் தம்மைக் கொல்லியின் காவலன் என்று கூறிக்கொண்டார். தேவாரப் பண்களில் ஒன்றுக்குக் கொல்லி என்று பெயர். சூலை நோயால் வருந்திய அப்பர் சுவாமிகள் திருவதிகையில் பாடிய முதல் பதிகம் அந்தப் பண்ணிலேயே அமைந்தது. மலைக்கும் பண்ணுக்கும் ஒரே பெயர் அமைந்திருப்பது, அங்கே அருவியோரத்தில் உட்கார்ந்திருக்கையில் நினைத்து நினைத்து இன்புறத்தக்கது.

கொல்லிப்பாவையை மறந்துவிட்டு மலையேறக் கூடாது. தெய்வத்தால் அமைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் ஒரு பெண்ணுருவம், காண்பவரை மயக்கிச் சிரித்தே கொல்லுமாம். காற்றும் மழையும் இடியும் நிலநடுக்கமும் தாக்கினாலும் தன் வனப்புக் குன்றாதாம். தலைவியின் அழகைச் சொல்ல வந்த சங்கப் புலவர்கள் பலமுறை இந்தப் பாவையை நாடினார்கள். குறுந்தொகையில் கபிலர் அதன் இருப்பிடத்தைக் 'குடவரை' என்று சொல்கிறார். குடக்கு என்பது மேற்கு. மலையின் மேற்கு முகம் எது? காளப்பநாயக்கன்பட்டியில் நின்று நாம் அண்ணாந்து பார்க்கும் முகம்தான். மாலை வெயில் அந்தப் பாறைச் சரிவுகளின்மேல் சாய்ந்து விழும்போது, கல்லிலே கண்ணும் மூக்கும் தோன்றி மறைவதுபோன்ற பிரமை எனக்குப் பலமுறை உண்டாகியிருக்கிறது. மேலே செம்மேட்டுப் பக்கம் எட்டுக்கை அம்மன் என்று வழிபடப்படும் தேவியையே கொல்லிப்பாவை என்று இன்று ஜனங்கள் கொண்டாடுகிறார்கள்.

அவகாசம் உள்ளவர்கள் மலையேறுவதற்கு முன்னால் ஒரு நாளை அடிவாரத்துக்கே ஒதுக்குவது நல்லது. நாமக்கல் நகரின் நடுவே ஒரே கல்லாக எழுந்த குன்றின் இரு புறத்திலும் அதியர் மரபினர் குடைவித்த நரசிம்மர், ரங்கநாதர் குகைக்கோயில்கள் இருக்கின்றன. அங்குள்ள புடைப்புச் சிற்பங்களில் இரணியனை மடியில் கிடத்தி மார்பைப் பிளக்கும் நரசிம்மத்தின் முன் நின்றால், ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய உளி இன்னும் ஓயவில்லையோ என்று தோன்றும். நரசிம்மரை நோக்கிக் கைகூப்பி நிற்கும் 18 அடி உயர ஆஞ்சனேயருக்கு மேலே விமானம் கிடையாது. வெயிலும் மழையும் நேரே அவர்மேல் படுகின்றன. சேந்தமங்கலத்தில் தத்தாத்ரேயர் சந்நிதியும், பக்கத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளுடன் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பக்தர்களைத் திணற வைக்கும் நைனாமலைப் பெருமாள் கோயிலும் உண்டு. கால்வலு உள்ளவர்களுக்கு அதுவே தனி யாத்திரை.

காரவள்ளியில் சமவெளி முடிகிறது. அங்கிருந்து ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எழுபதில் எத்தனையாவது என்று எண் எழுதிய பலகை நட்டிருக்கிறார்கள். இருபது வரையில் குழந்தைகள் உரக்க எண்ணுவார்கள். முப்பதுக்கு மேல் பெரியவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். தலைசுற்றல் உள்ளவர்கள் பஸ்ஸில் முன் இருக்கையில் அமர்ந்து, தூரத்தில் ஒரே திக்கை நோக்கிக்கொண்டிருப்பது உத்தமம். சொந்த வாகனத்தில் போகிறவர்கள், ஏறிவரும் வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிடுவது மலைப்பாதையின் தர்மம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். இங்குள்ள குரங்குகளுக்குத் தின்பண்டம் எறிவதை அன்பு என்று எண்ணிச் செய்கிறார்கள். அந்த அன்பினால் அவை காட்டில் இரை தேடுவதை மறந்து, வளைவுகளில் வண்டிகளுக்குக் குறுக்கே வந்து அடிபட்டு மடிகின்றன. எழுபது வளைவுகளையும் வியந்து பேசுகிறவர்கள் இறங்கி நின்று பார்ப்பதில்லை. நடுவழியில் எங்கேனும் பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தால், கீழே காளப்பநாயக்கன்பட்டி ஓட்டுக்கூரைகளும் தென்னந்தலைகளுமாகச் சுருங்கிக் கிடக்கும். அப்பால் சேந்தமங்கலம், நைனாமலை, மங்கிய நீலத்தில் நாமக்கல் குன்று. எவ்வளவு தூரம் எவ்வளவு விரைவில் ஏறிவந்துவிட்டோம் என்ற திகைப்பு அங்கேதான் உண்டாகிறது. மற்றொரு பாதை முள்ளுக்குறிச்சி வழியாக ஏறுகிறது; இறங்குவதற்கு அதை வைத்துக்கொண்டால் மலையின் வேறொரு முகத்தையும் பார்த்ததாகும்.

கடல்மட்டத்துக்குமேல் ஏறக்குறைய 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கும் இந்த மேட்டுநிலத்துக்கு வந்து சேர்கிறவர்கள், உதகமண்டலத்தையோ ஏற்காட்டையோ எதிர்பார்த்து வந்தால் ஏமாந்துபோவார்கள். வெள்ளைக்காரத் துரைமார்கள் கோடையைக் கழிப்பதற்காக உதகையில் மாளிகை கட்டினார்கள். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் போட்டார்கள். கோடைக்கானலில் ஏரி அமைத்தார்கள். கொல்லிமலையில் அவர்கள் தங்கவில்லை. இங்கே பரவியிருந்த கொடிய மலைக்காய்ச்சல் அவர்களை அண்டவிடவில்லை. ஆகவே கொல்லிமலை இன்றும் பெரும்பாலும் உழவர்களின் மலையாகவே இருக்கிறது. பள்ளத்தாக்குகளில் படிப்படியாக நெல் வயல்கள். சரிவுகளில் சாமையும் கேழ்வரகும் மரவள்ளியும். நிழல்மரங்களின் கீழே காப்பி. மரத்தைச் சுற்றி மிளகுக்கொடி. வீட்டுப் புழைக்கடையில் பலா. நாடுகள் என்று வழங்கும் ஊர்த்தொகுதிகளாக மலை பிரிந்திருக்கிறது: வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு, தேவானூர் நாடு என்று அந்தப் பெயர்களைக் கேட்கும்போதே பழைய தமிழகத்தின் ஆட்சிமுறை கண்முன் எழுகிறது. இங்கே வாழும் மலையாளி மக்கள் கேரள தேசத்தாரல்லர். மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் அப்பெயரைப் பூண்ட தமிழ்ப் பழங்குடியினர். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்த மூன்று சகோதரர்கள் சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என்று ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்பது அவர்களிடையே வழிவழியாக வரும் கதை. இந்த மலையில் நாம் எங்கே கால் வைத்தாலும் அது யாரோ ஒருவருடைய வயல் வரப்பாக இருக்கும். புகைப்படத்துக்காக வரப்பை மிதித்து உடைக்கும்போது, ஒருவர் வீட்டுக் கூடத்துக்குள் செருப்புக் காலோடு நுழைகிறோம்.

மலையில் காண வேண்டியவற்றுள் முதலிடம் வளப்பூர் நாட்டுப் பெரியகோவிலூரில் எழுந்தருளிய அறப்பளீஸ்வரருக்கே உரியது. கொல்லி அறைப்பள்ளி என்று அப்பர் தேவாரத்தில் பெயர் பெற்ற வைப்புத்தலம் இது. உழும்போது கலப்பையின் கொழு பட்டு வெளிப்பட்ட சிவலிங்கம் என்றும், அந்தத் தழும்பு இன்னும் திருமேனியில் இருக்கிறதென்றும் ஸ்தல வரலாறு கூறுகிறது. உழவர் மலையின் கடவுள் உழவின் தழும்போடு இருப்பதைவிட இயல்பான விஷயம் வேறென்ன? அம்பிகையின் திருநாமம் அறம்வளர்த்த நாயகி. சீர்காழி அருணாசலக் கவிராயரின் குமாரரான அம்பலவாணக் கவிராயர், இந்த ஈசனை விளித்து அறப்பளீசுர சதகம் என்ற நூறு பாட்டுகளைப் பாடினார். உலகியல் நீதிகளை இவ்வளவு தெளிவாகச் சொன்ன நூல்கள் தமிழில் சொற்பம். ஒரு காலத்தில் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்தார்கள். கோயிலை ஒட்டி ஓடும் ஐயாற்று மீன்களை யாரும் பிடிப்பதில்லை. அரிந்து சமைத்த மீன்கள்கூட உயிர்பெற்று ஆற்றில் குதித்தன என்பது ஐதிகம். பக்தர்கள் கரையிலே குந்தியிருந்து பொரியைத் தூவ, மீன்கள் கூட்டமாக மேலெழுந்து வாய் திறக்கும் காட்சியைக் காண நான் அரைமணி நேரம் நின்றிருக்கிறேன். ஓரியின் மலையில் மீனுக்கும் விருந்து நடக்கிறது.

கோயிலுக்கு அருகிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் கீழே இறங்குகின்றன. அவற்றின் முடிவில் இருப்பது ஆகாய கங்கை. அதே ஐயாறு, சுமார் 300 அடி உயரத்திலிருந்து பாறை விளிம்பைத் தாண்டி வீழ்ந்து, புகைபோல் நீர்த்துளி பரப்பி, பிறகு பள்ளத்தாக்கு வழியாகத் திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலையை நோக்கி ஓடிவிடுகிறது. இறங்கும்போது கால்கள் இலகுவாகப் போகும். ஏறும்போதுதான் ஒவ்வொரு படியும் தன் உயரத்தைச் சொல்லும். ஆகவே உச்சிவெயிலில் இறங்காமல் காலையில் சீக்கிரம் இறங்கிவிடுவதும், இதய நோயும் முழங்கால் நோயும் உள்ளவர்கள் மேலேயே கோயில் வாசலில் தங்கிவிடுவதும் விவேகம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு அருவி பூரண சௌந்தரியத்தோடு விளங்கும்; கடும் மழை நாட்களில் வனத்துறையினர் வழியை அடைத்துவிடுவார்கள். அவர்கள் தடுக்கும்போது வாதாடுகிறவர்கள், அங்கே பாறை எவ்வளவு வழுக்கும் என்பதை அறியாதவர்கள். அருவியின் சுற்றுப்புறத்துக் குகைகளில் கோரக்கரும் காலாங்கிநாதரும் தவம் புரிந்ததாகச் சொல்வார்கள்.

மாசிலா அருவியும் நம் அருவியும் படியிறங்க இயலாதவர்களுக்கு ஏற்றவை. வாசலூர்ப்பட்டியில் படகு விடுகிறார்கள். சீக்குப்பாறையிலும் சேலூரிலும் நின்று கீழ்நாட்டைப் பார்க்கலாம். செம்மேட்டில் குதிரைமேல் அமர்ந்த ஓரியின் சிலை இருக்கிறது. ஆடிப் பதினெட்டை ஒட்டி ஆகஸ்டு 2, 3 தேதிகளில் அரசாங்கம் அங்கே வல்வில் ஓரி விழா நடத்துகிறது. அந்நாட்களில் ஐயாற்றில் நீராடி அறப்பளீஸ்வரரை வணங்கவரும் மலைமக்களின் கூட்டத்தைக் காண்பது எந்த மேடை நிகழ்ச்சியைக் காட்டிலும் விசேஷமானது. ஆனால் அன்று தங்க இடம் கிடைப்பது துர்லபம்.

இனி ஆகாரத்துக்கு வருகிறேன். சொல்ல வந்த விஷயமே அதுதான்.

கோயில் வாசலிலும் அருவிக்கு இறங்கும் இடத்திலும் சிறு அடுப்புகளின்மேல் அலுமினியப் பானைகள் கொதித்துக்கொண்டிருக்கும். அதுதான் முடவாட்டுக்கால் சூப். பெயரைக் கேட்டு இறைச்சி என்று சைவர்கள் பின்வாங்க வேண்டாம். பாறைகளிலும் மரங்களிலும் தொற்றி வளரும் ஒருவகைப் பெரணியின் கிழங்கு அது. மேலே பழுப்பு நிறத்தில் ரோமம் அடர்ந்திருப்பதால் ஆட்டின் காலைப்போலத் தோன்றும். ரோமத்தையும் தோலையும் சீவி, நறுக்கி இடித்து, இந்த மலையிலேயே விளைந்த மிளகும், சீரகமும், பூண்டும், சின்ன வெங்காயமும் சேர்த்து நெடுநேரம் கொதிக்க வைக்கிறார்கள். ஆயிரம் படி ஏறி மூச்சு வாங்க வந்து நிற்பவன் கையில் அந்தச் சூடான தம்ளரைக் கொடுக்கும்போது, மிளகின் காரம் தொண்டையில் இறங்கி, உடம்பெல்லாம் வியர்த்து, ஒரு தெளிவு பிறக்கிறது. மூட்டு வலிக்கு நல்லதென்று மலைவாசிகள் உறுதியாகச் சொல்கிறார்கள். ஒரு தம்ளர் குடிப்பதில் குற்றமில்லை. ஆனால் கிழங்கை மூட்டை மூட்டையாக வாங்கிச் செல்வதைப் பார்க்கையில் எனக்குக் கவலை உண்டாகிறது. பாறையைப் பற்றி மெல்ல வளரும் செடி அது. நகரத்துச் சமையலறைகள் எல்லாவற்றுக்கும் அனுப்பிவைக்க இந்த மலையில் அவ்வளவு பாறைகள் கிடையா.

பழங்களை அவ்வாறு தயங்காமல் வாங்கலாம். மலைமேலுள்ள சோளக்காட்டுச் சந்தையில் பலாவும், மலைவாழையும், அன்னாசியும் குவிந்து கிடக்கும் காலத்தில், வாசனையே வழிகாட்டும். கொல்லியின் பலா சங்கப் பாட்டுகளிலேயே இடம் பெற்றது. உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிய அன்னாசித் துண்டும், கருகாமல் வெயிலில் உலர்ந்த மிளகும், காட்டுத் தேனும், காப்பிக் கொட்டையும் கொண்டே ஒரு பிரயாணி தன் பையை நிரப்பிக்கொள்ளலாம்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது? செம்மேட்டிலும் சோளக்காட்டிலும் உள்ள ஓட்டல்களில் பரோட்டாவும் பிரியாணியும் வறுத்த நூடுல்ஸும் தாராளமாகக் கிடைக்கின்றன. அவற்றின் மாவும் அரிசியும் எழுபது வளைவுகளையும் ஏறி வந்தவை. நாம் விட்டுவந்த ஊரின் உணவையே மலைமேல் தேடிப்பிடித்து உண்கிறோம். சற்று முன்கூட்டியே, முந்தின நாள் மாலையிலேயே, தங்கும் இடத்திலோ வீட்டுச் சமையல் செய்து கொடுப்பவர்களிடமோ சொல்லி வைத்தால், சாமைச் சோறும், கேழ்வரகுக் களியும், மொச்சைக் குழம்பும், ஏதேனும் ஒரு கீரைக் கடைசலும் கிடைக்கும். அசைவர்களுக்கு மிளகு தூக்கலாக நாட்டுக்கோழிக் குழம்பு. சாமைச் சோறு நெல்லுச்சோற்றைப்போல் வெண்மையாக இராது. சிறு பருக்கைகள் உதிர்ந்து, லேசான மண்வாசனையோடு, குழம்பை ஆவலோடு உறிஞ்சிக்கொள்ளும். முதல் கவளத்தில் புதுமையாகத் தோன்றுவது மூன்றாவது கவளத்தில் பழகிப்போகிறது.

அந்தச் சாமை தட்டுக்கு வந்து சேர்வதற்குப் பின்னால் ஒரு போராட்டம் இருக்கிறது. மழையை மட்டும் நம்பி, சரிவான மண்ணில், பெரிய செலவின்றி விளைவது சாமை. உமியோடு வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும். பெருஞ்சாமை, மல்லியச்சாமை, கட்டவெட்டிச் சாமை, திரிகுலாச் சாமை என்று அதிலேயே பல ரகங்களை இந்த மலைமக்கள் தலைமுறை தலைமுறையாக விதை கெடாமல் காத்து வந்தார்கள். ஆனால் அதன் உமி கடினமானது. ஒரு வேளைச் சோற்றுக்காகப் பெண்கள் விடியலுக்கு முன் எழுந்து உரலில் இட்டு உலக்கையால் குத்திக் குத்திப் புடைக்க வேண்டும். மரவள்ளி அப்படியல்ல. பத்து மாதத்தில் கிழங்கைப் பிடுங்கி மூட்டை கட்டினால், லாரி வந்து ஏற்றிக்கொண்டு, இராசிபுரம், சேலம் வட்டாரத்துச் சேகோ ஆலைகளுக்குக் கொண்டுபோய்விடும். ஜவ்வரிசியாகவும் மாவாகவும் மாறித் தேசமெங்கும் போகும். கையில் ரொக்கம் விழும். பிள்ளைகளைப் படிக்க வைக்கவும் வைத்தியத்துக்கும் ரொக்கம் வேண்டியிருக்கிறபோது, சாமையை விட்டு மரவள்ளிக்கு மாறிய உழவனைப் பழிக்க யாருக்கு உரிமை உண்டு? பிடுங்கும்போது மண் கிளறப்பட்டுச் சரிவில் கரைந்து போகிறது என்பதை நாம் அறிவதற்கு முன்னால் அவன் அறிவான்.

எம்.எஸ். சுவாமிநாதன் பெயரால் சென்னையில் 1988-இல் தோன்றிய ஆராய்ச்சி நிறுவனம், தொண்ணூறுகளிலிருந்து இந்த மலையில் வேலை செய்து, பழைய ரகங்களின் விதைகளைத் திரட்டி, ஊர்தோறும் விதை வங்கிகள் அமைத்து, உலக்கையின் பாரத்தைக் குறைக்கச் சிறிய அரைவை இயந்திரங்களை அமைத்துக் கொடுத்தது. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியபோது, நகரங்களில் சாமைக்கும் தினைக்கும் திடீர்க் கௌரவம் வந்து சேர்ந்தது. இயந்திரமும் விதையும் வந்த பிறகும், தீர்மானம் கடைசியில் வாங்குகிறவன் கையில் இருக்கிறது. இந்த மலைக்கு வருகிறவர்கள் வருஷந்தோறும் பெருகுகிறார்கள். அவர்களில் ஒவ்வொருவரும் ஒரே ஒரு வேளை சாமைச் சோறு கேட்டால், கேட்ட வீட்டில் அடுப்பு எரியும், அந்த வீட்டுக்கு விற்றவர் நிலத்தில் அடுத்த மழைக்குச் சாமை விதைப்பார்கள். எல்லோரும் பரோட்டா கேட்டால், அந்த நிலத்தில் இன்னும் சில மரவள்ளிக் குச்சிகள் ஊன்றப்படும். அருவியை நாம் பார்ப்பதனால் அருவிக்கு ஆகக்கூடியது ஒன்றுமில்லை. நாம் உண்பதனால் வயலுக்கு ஆகக்கூடியது நிறைய இருக்கிறது.

சென்ற முறை சோளக்காட்டுச் சந்தையில், கொண்டுவந்ததில் மற்றதெல்லாம் விற்றுத் தீர்ந்து, ஒரே ஒரு சாக்கில் குத்திய சாமையை வைத்துக்கொண்டு ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார். விலை கேட்டேன்; சொன்னார். நான்கு படி அளக்கச் சொன்னேன். படியைத் தலைதட்டாமல் கூம்பாகவே அளந்து என் துணிப்பையில் கொட்டினார். "கல்லு இருக்கும் சாமி, ரெண்டு தரம் அரிச்சுப் போட்டு ஆக்கச் சொல்லுங்க. தண்ணி கொதிச்ச பெறவு போடணும், முன்னாலயே போட்டாக் கொழஞ்சிரும்" என்றார். எந்த ஊர் என்றோ யார் என்றோ கேட்கவில்லை. பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டவர், நான் திரும்பும் சமயம், "இருங்க" என்று நிறுத்தி, சாக்கின் அடியில் கிடந்ததில் இரண்டு கை அள்ளிப் பைக்குள் போட்டார். கீழே போகும் பஸ் ஹாரன் அடித்துவிட்டது. பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். எழுபதாவது பலகை கடந்து, அறுபத்தொன்பது வந்தது.